ஐந்தாவது டிஸ்க்

மார்ச் 4, செவ்வாய்

சர்வரில் தொண்ணூற்றாறு சதவீதம் நிறைந்துவிட்டது. தீபாவளியிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், கேட்க ஆளில்லை. பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் வாசித்துப் பதிவு செய்கிற நிலையம் இது. மரியாதையெல்லாம் வாசிக்கிறவர்களுக்குப் போய்விடும். வாசித்ததைப் பாதுகாத்து வைக்கிற இந்த ஆவுடையப்பன் யார் கண்ணிலும் பட மாட்டான்.

இன்று செயலாளர் குற்றாலிங்கம் சாருக்கு விளக்கினேன். "நாலு டிஸ்க்கும் சேந்து ஒரே டிஸ்க்காத் தெரியும் சார். ஒண்ணு செத்துப்போனாலும் மத்த மூணும் தாங்கிக்கிடும். அதுக்குப் பேருதான் ரெய்டு. இப்பம் அஞ்சாவதா ஒண்ணச் சேத்து, உள்ள இருக்கதையெல்லாம் அஞ்சுலயும் பரத்தி வச்சா இடம் கூடிரும்."

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டுவிட்டுச் சொன்னார். "மூணு கடையில விலைப்புள்ளி வாங்குங்க. டிரஸ்ட் விதி அதான். பதினாலாம் தேதி டிரஸ்டிமாரு வாராங்க, அதுக்குள்ள முடிச்சிருங்க."

மூன்று விலைப்புள்ளி வரவே ஒரு மாதம் ஆகும். பதினாலாம் தேதிக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 5, புதன்

மதியம் ரத்னபாய் டீச்சர் வந்தார். அவர் முழங்கையைப் பிடித்தபடி கணவர் ஜெபமணி சாரும். டீச்சர் இங்கே பதினோரு வருடமாகப் புத்தகம் வாசிக்கிறவர். ஜெபமணி சாருக்கு ஒன்பது வயதிலேயே பார்வை போய்விட்டது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

டீச்சருக்குத் தொண்டையில் புற்று. இருபதாம் தேதி மதுரையில் ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துவிடப் போகிறார்கள். அதன் பிறகு டீச்சரால் பேச முடியாது. எழுதிக் காட்டினால் சாரால் பார்க்க முடியாது. அதனால் ஜனவரியிலிருந்து டீச்சர் இரண்டாம் ஸ்டுடியோவில் உட்கார்ந்து, வீட்டில் பேசுகிற பேச்சையெல்லாம் வரி வரியாகப் பதிவு செய்து வைத்திருக்கிறார். அறுநூற்று நாற்பது வரி. பிறகு ஒரு போனில் பட்டனை அழுத்தினால் அவர் குரலிலேயே அந்த வரி கேட்கும். போனில் ஏற்றித் தருவது என் பொறுப்பு. குற்றாலிங்கம் சார் எல்லார் முன்னாலும் என் பேரைச் சொல்லி அறிவித்தார்.

சரிபார்க்க வேண்டுமல்லவா, எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன். "ஏங்க, காப்பி ஆறுது." "பாத்ரூம்ல தண்ணி கிடக்கு, பாத்து வாங்க." "நான் இங்கனதான் இருக்கேன்." "கோவமா இருக்கேன், பேச மாட்டேன்." "சும்மாதான் கூப்ட்டேன்." 'ஆமா' என்பதை மட்டும் ஒன்பது விதமாகச் சொல்லியிருக்கிறார்.

"தம்பி, அத ஒரு பென்டிரைவ்ல போட்டுத் தாங்களேன். வீட்டுல ஒண்ணு கிடந்தா நிம்மதியா இருக்கும்" என்றார்.

"செயலாளர் அனுமதி வாங்கிப் பதிவேட்டுல கையெழுத்துப் போடணும் டீச்சர். விரிவாக்கம் முடியட்டும், மொத்தமாத் தாரேன்."

"எம் பேச்சுக்கு நானே அனுமதி வாங்கணுமாக்கும்" என்று சிரித்தார். சாரும் சிரித்தார்.

மொத்தமே இருநூறு எம்பிதான். என் சாவிக்கொத்தில் தொங்குகிற பென்டிரைவே போதும். ஆனால் விதி என்றால் எல்லாருக்கும் விதிதான். ஆறு வருடம் முன்னால் எட்டாம் வகுப்பு வரலாற்றில் ஒரு பாடம் வாசித்துக் கொடுத்தேன். தேர்வுக்குழுவில் டீச்சர் இருந்தார். "குரல் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அவசரம் இருக்கு. கூட வார பிள்ளைய விட்டுட்டு நீங்க மட்டும் போயிருதீங்க" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். அதையெல்லாம் நான் எப்போதோ மறந்துவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

ஒரு கடைக்காரன் மட்டும் விலைப்புள்ளி அனுப்பினான். மற்ற இருவரும் போனை எடுக்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

வழி கண்டுபிடித்துவிட்டேன். யாருக்கும் தோன்றாத வழி.

பீரோவில் பேக்கப் டிஸ்க் ஒன்று சும்மா கிடக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் அந்த வருடப் பதிவுகளை அதில் நகல் எடுத்து, துணியில் சுற்றி உள்ளே வைப்பது என் வேலை. அளவு பார்த்தேன், மற்ற நான்கும் இதுவும் ஒரே அளவு. விலைப்புள்ளியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். ரெய்டு என்பதே பாதுகாப்புக்குத்தான், ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும். அதற்குமேல் ஒரு நகல் எதற்கு? மழைக்கோட்டுப் போட்டவன் குடையும் பிடிப்பானா?

துடைத்துச் சுத்தமாக்கினேன். பழைய நகல் எல்லாம் போயிற்று. திங்கட்கிழமை உள்ளே மாட்ட வேண்டும்.

மூன்றாவது டிஸ்க்கிலிருந்து இன்றும் எச்சரிக்கை மெயில் வந்திருக்கிறது. டிசம்பரிலிருந்து இதே பல்லவி. இந்த மெயில்கள் தானாகவே வேறு ஃபோல்டருக்குப் போகும்படி செய்துவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

காலை பதினொன்றுக்கு ஐந்தாவது டிஸ்க்கைச் சேர்த்து விரிவாக்கத்தைத் தொடங்கினேன். திரையில் சதவீதம் ஓடுகிறது. நான்கு நாளில் முடியும். குற்றாலிங்கம் சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"புது டிஸ்க்கா? மூணு விலைப்புள்ளியும் வந்துட்டா?"

"நம்ம கைவசமே ஒண்ணு இருந்தது சார்."

"கெட்டிக்காரருவே நீரு" என்று தோளில் தட்டினார். இந்த நிலையத்தில் சேர்ந்து ஒன்பது வருடத்தில் இதுதான் முதல் தட்டல். மாலை வரை மனசு குளிர்ந்தே இருந்தது.

பழைய டிஸ்க் நான்கும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே பெட்டியில் வாங்கியவை. ஆறு வயது. இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

இருபத்தேழு சதவீதம்.

ஜெபமணி சார் போன் செய்தார். என் போனில் பேசுவதெல்லாம் தானாகப் பதிவாகிவிடும். நாளைக்கு யாரும் பேச்சை மாற்றக் கூடாதே, அதற்காக. மறுபடி போட்டுக் கேட்டு அப்படியே எழுதுகிறேன்.

"தம்பி, ஒரு உபகாரம். அவ எல்லாத்தையும் வாசிச்சிட்டா, எம் பேர மட்டும் வாசிக்கல. கல்யாணமாகி முப்பத்திரெண்டு வருஷத்துல ஒருநாள்கூட அவ எம் பேரச் சொன்னதில்ல. ஏங்கன்னுதான் கூப்பிடுவா. அவ அம்மை பழக்கின பழக்கம். நான் கேட்டா சிரிச்சிட்டு அடுக்களைக்குப் போயிருவா. நீங்க ஆபீஸ் தேவைன்னு சொன்னாச் செய்வா."

இந்த வயதில் இவருக்கு இந்த ஆசை. சரி சார் என்றேன்.

மார்ச் 12, புதன்

டீச்சரை வரவழைத்து, கோப்புக்கு அடையாளம் வேண்டும், சார் பெயரைப் பதிய வேண்டும் என்றேன். முகம் சிவந்துவிட்டது. "இது அவரு வேலைதானே" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார்.

ஒரு சொல்லுக்கு இருபது நிமிடம் ஆயிற்று. ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று தடவை சிரிப்பு வந்து கெட்டது. நான்காவது தடவை, வகுப்பில் வருகைப்பதிவு எடுப்பதுபோல, "ஜெபமணி." பிறகு மெதுவாக இன்னொரு தடவை சொன்னார். அதை நான் எழுத முடியாது. அறுநூற்று நாற்பத்தோராவது வரியாகச் சேமித்தேன்.

மூன்று மணிக்கு மூன்றாவது டிஸ்க் செத்துவிட்டது. நாற்பத்தொன்பது சதவீதத்தில். ஆனால் ரெய்டு அசையவில்லை, மற்ற நான்கும் தாங்கிக்கொண்டு வேலை ஓடுகிறது. நான் சொன்னேன் அல்லவா?

இப்போது அவசரமான கோப்புகளை வெளியே நகல் எடுக்கலாம்தான். டீச்சருடையது இரண்டு நிமிட வேலை. எடுத்தால் விரிவாக்கம் கொஞ்சம் தாமதப்படும், வெள்ளிக்கிழமை டிரஸ்டிகள் வரும்போது நூறைக் காட்ட முடியாது. ஆபீஸ் பதிவேட்டில் 'இயல்பு நிலை' என்று எழுதினேன்.

மார்ச் 13, வியாழன்

காலை 11.20. முதல் டிஸ்க்கும் போயிற்று.

மாலை 4.00. ஐந்தில் ஒன்று போகலாம். இரண்டு போகக் கூடாது. உள்ளே இருப்பது பாதி பழைய வரிசையிலும் பாதி புதிய வரிசையிலும் கிடக்கிறது, எதுவும் திறக்கவில்லை. இணையத்தில் ஒருவன் எழுதியிருந்த கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். பழைய தொகுப்பைத் தேடுவதற்குப் பதில் அது புதிதாக ஒரு தொகுப்பை உருவாக்கிவிட்டது. உருவாக்கியதும் காலியாக, பளபளவென்று, 'இடம் தாராளம்' என்று காட்டுகிறது.

பராமரிப்பு என்று அட்டையில் எழுதி ஸ்டுடியோ கதவில் தொங்கவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

டிரஸ்டிகள் வந்தார்கள். திரையைப் பார்த்து, "இவ்வளவு இடம் இருக்கா?" என்று வியந்தார்கள். ஆமாம் என்றேன். பொய் இல்லை.

அவர்கள் போன பிறகு டீச்சரின் போன். ஒரு நிமிடம் பன்னிரண்டு வினாடி.

"தம்பி, டீச்சர் பேசுதேன். ஸ்டுடியோவ மூடிட்டாங்கன்னு சொன்னாவ. நம்ம பதிவு பத்திரமா இருக்குல்லா? கோளாறு ஏதும்னா மறைக்காமச் சொல்லுங்க, நான் கோவப்பட மாட்டேன். திங்கள் வரைக்கும் இங்கனதான் இருக்கேன். தொண்டையும் இன்னைக்குத் தெளிவா இருக்கு. மறுபடி உக்காந்தா ரெண்டு நாளுல எல்லாத்தையும் வாசிச்சிருவேன். அப்புறம், ஜெபமணின்னு சொன்னது சரியா விழுந்திருக்கா? இப்பம் வீட்டுலயும் ரெண்டு தடவ சொல்லிப் பாத்தேன். வெக்கம் போயிட்டு."

இரண்டு நாள் போதும். போய்விட்டது டீச்சர், வாங்க என்று சொன்னால் வந்திருப்பார். ஆனால் அவர் வந்து உட்கார்ந்தால் ஏன் என்று குற்றாலிங்கம் சார் கேட்பார். ஏன் என்று கேட்டால் பேக்கப் டிஸ்க் எங்கே என்றும் கேட்பார். காலையில்தான் டிரஸ்டிகள் முன்னால் என்னைக் கெட்டிக்காரர் என்று சொன்னார்.

"எல்லாம் பத்திரமா இருக்கு டீச்சர். நிம்மதியாப் போயிட்டு வாங்க" என்றேன்.

மார்ச் 15, சனி

சென்னையில் டிஸ்க் மீட்கிற கடை ஒன்றுக்கு வேறு பெயரில் பேசினேன். "மேல புதுசா உருவாக்கிட்டீங்களா? கஷ்டம் சார். ஆனா முடியவே முடியாதுன்னு இல்ல. உடனே ஆஃப் பண்ணிட்டு, ஆபீஸ் லெட்டரோட அனுப்புங்க, பாக்குறோம்" என்றான்.

ஆஃப் செய்தேன். ஆபீஸ் லெட்டருக்கு நான் எங்கே போவேன்?

மார்ச் 17, திங்கள்

டீச்சரும் சாரும் வந்தார்கள். நாளை மதுரைக்குப் போகிறார்கள். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இரண்டு பாக்கெட்டும், வாங்கிப் பிரிக்காத புது போன் ஒன்றும் டீச்சர் மேஜையில் வைத்தார். அந்தப் போனில்தான் வரிகளை ஏற்ற வேண்டும்.

"ஒரேயொரு வரியப் போட்டுக் காட்டுங்க தம்பி. அவரு கேக்கணும்னு சொல்லுதாரு" என்றார் டீச்சர். எந்த வரி என்று எனக்குத் தெரியும்.

"சர்வர்ல வேலை நடக்கு டீச்சர். அடுத்த வாரம் போன்ல ஏத்தியே தந்திருதேன்."

ஜெபமணி சார் சர்வர் அறைப் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார். "தம்பி, இந்த ரூம்ல எப்பமும் ஒரு இரைச்சல் கேக்கும். இன்னைக்குக் கேக்கலியே."

"புது ஃபேன் போட்ருக்கேன் சார். சத்தமே வராது."

"அப்படியா" என்றார். கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே நின்றார். டீச்சர் அவரை அழைத்துக்கொண்டு போனார். படியிறங்கும்போது, "இன்னும் மூணு படி இருக்கு, பாத்து" என்று டீச்சர் சொன்னது மேலே வரைக்கும் கேட்டது.

கடலைமிட்டாய் நமத்துப்போயிருந்தது.

மார்ச் 20, வியாழன்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று குற்றாலிங்கம் சார் சொன்னார். எனக்கும் பாரம் இறங்கினாற்போல் இருந்தது.

மார்ச் 21, வெள்ளி

ஆபீஸ் பதிவேட்டில் ஒரு தாளை மாற்றினேன். 'இன்று காலை மின்னழுத்தக் கோளாறால் இரண்டு டிஸ்க்குகள் ஒரே நேரத்தில் பழுது. ஸ்டுடியோப் பதிவுகளின் அளவு கூடிப்போனதால் சர்வருக்கு அதிகப்படியான சுமை' என்று எழுதினேன்.

மார்ச் 24, திங்கள்

குற்றாலிங்கம் சாரிடம் சொன்னேன். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பாடப்புத்தகங்கள் பள்ளிக்கூடங்களிடம் நகலாக இருக்கின்றன, திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று தேற்றினேன்.

"புத்தகத்த விடும். அந்த அம்மா பதிஞ்சு வச்சது?"

"அதுவும் போயிட்டு சார்."

"ஒரு வாரம் முன்னால போயிருக்கக் கூடாதாவே? அந்த அம்மா மறுபடி வாசிச்சிருக்குமே. விதியப் பாத்தீரா?"

"ஆமா சார். விதிதான்."

பேக்கப் டிஸ்க்கைப் பற்றிக் கேட்டார். அதுவும் சர்வரோடு இணைந்திருந்தபோது போய்விட்டது என்றேன். இதுவும் பொய் இல்லை. புதிதாக ஐந்து டிஸ்க் வாங்க உடனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், விலைப்புள்ளி கேட்கவில்லை. டீச்சர் வீட்டுக்கு மட்டும் நீரே சொல்லிரும் என்று சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 2, புதன்

அவர்களே வந்துவிட்டார்கள். டீச்சர் பாதியாக இளைத்திருக்கிறார். கழுத்தில் துணி சுற்றியிருந்தது, மூச்சு விடும்போது அதற்கடியிலிருந்து சீறல் வருகிறது. கையில் ஒரு நோட்டு. இந்தத் தடவை ஜெபமணி சார் அவர் முழங்கையைப் பிடிக்கவில்லை, டீச்சர்தான் சாரின் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

சொன்னேன். இருபத்தொன்றாம் தேதி காலையில், மின்னழுத்தம், யார் கையிலும் இல்லை என்று சொன்னேன். பிரிக்காத போனைத் திருப்பி மேஜையில் வைத்தேன்.

டீச்சர் நோட்டில் எழுதினார். என்னிடம் நீட்டி, சாரைக் காட்டினார். அவருக்கு வாசித்துச் சொல்ல வேண்டுமாம். அறையில் எங்கள் மூன்று பேரைத் தவிர யாரும் இல்லை.

நோட்டில் இருந்தது இதுதான்: 'நீங்க சொன்னீங்களே, அன்னைக்கே ரூம்ல சத்தம் இல்லன்னு. அன்னைக்கே போயிட்டு. நான் வந்து வாசிக்கேன்னு கெஞ்சுனேன். தெரிஞ்சே அனுப்பி வச்சிருக்காரு.'

நான் வாசித்தேன். "பரவாயில்லைங்க. எல்லாம் ஆண்டவர் சித்தம். தம்பியக் குறை சொல்லாதீங்க."

டீச்சர் என்னைப் பார்த்த பார்வையை எழுத விருப்பமில்லை. மேஜையில் ஓங்கி அடித்தார். வாயைத் திறந்தார். கழுத்துத் துணிதான் படபடத்தது. மறுபடி அடித்தார்.

"என்ன தம்பி சத்தம்? என்ன சொல்லுதா?" சாரின் கை காற்றில் அவரைத் தேடியது.

"அழுதுகிட்டு இருக்காங்க சார்."

டீச்சர் சாரின் உள்ளங்கையை இழுத்து அதில் விரலால் எழுதப் பார்த்தார். ஒன்பது வயதுக்கு முன்னால் படித்த எழுத்து, சாருக்குப் பிடிபடவில்லை. "மெதுவா, மெதுவா ரத்னம். எனக்குப் புரியல" என்றார். நான்கு தடவை எழுதினார். பிறகு விட்டுவிட்டார்.

எனக்கும் மனசு கேட்கவில்லை. "பத்தாம் வகுப்பு அறிவியல் முழுசும் டீச்சர் குரல்லதான் இருக்கு சார். பள்ளிக்கூடத்துல வாங்கித் தாரேன். ஒளிச்சேர்க்கை, இரத்த ஓட்டம் எல்லாம் இருக்கும். குரல் கேக்கணும்னா அதக் கேக்கலாம்லா" என்றேன்.

சார் எழுந்தார். "தம்பி, அவ சொன்னான்னு வாசிச்சீங்களே. ரொம்ப அவசரமா வாசிச்சிட்டீங்க" என்றார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். படியில் டீச்சர் ஒவ்வொரு படிக்கும் சாரின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். கடைசிப் படியில் கணக்குத் தவற, இல்லாத படியில் சார் காலை வைத்துத் தடுமாறினார்.

ஏப்ரல் 7, திங்கள்

புது டிஸ்க் ஐந்தும் மாட்டியாயிற்று. இரண்டு சதவீதம்தான் நிறைந்திருக்கிறது. பார்க்கவே குளிர்ச்சியாக இருக்கிறது.

குற்றாலிங்கம் சார் கூப்பிட்டார். "டீச்சர் இடத்துக்கு ஆள் கிடைக்க வரைக்கும் நீரு வாசியும். குரல் நல்லாத்தானே இருக்கு உமக்கு." சரி சார் என்றேன். ஆறு வருடம் கழித்து.

பழகிப் பார்க்க என் போனிலேயே வாசித்துப் பதிவு செய்யப் போனேன். இடமில்லை என்றது. பழைய அழைப்புப் பதிவுகள்தான் அடைத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தேன். மார்ச் 14, ஒரு நிமிடம் பன்னிரண்டு வினாடி.

டீச்சர் எங்கே நிறுத்துகிறார், எங்கே மூச்சு விடுகிறார் என்று கவனிப்பதற்காக இரண்டு தடவை கேட்டேன். 'ஜெபமணி' என்பதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விடுகிறார். அதுதான் விஷயம் போலிருக்கிறது. பிறகு அழித்தேன். நிச்சயமாகவா என்று போன் கேட்டது, ஆம் என்று தொட்டேன்.

நாளை காலை பத்து மணிக்கு எட்டாம் வகுப்பு வரலாறு, முதல் பாடம். மெதுவாக வாசிக்க வேண்டும்.